ஆயுத பூசைக்கும் துடைக்காதவர்

நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். எழுதிப் பழக்கமில்லை. முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் எழுதிவிடுவேன். மறதியும் சேர்ந்துகொண்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் மாடி அறையில் குடியிருந்த அந்தத் தம்பியைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

சிவகாசியில் செல்போன் ஒன்றிரண்டு பேர் கைக்கு வந்திருந்த காலம் அது. தம்பி ஒரு அச்சாபீசில் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தார். காலண்டர் படம், வெடி லேபிள், தீப்பெட்டி லேபிள் எல்லாம் மிஷினுக்குப் போகும் முன்னால் அவர் கைக்குத்தான் வரும். படத்தில் இருக்கிற குறையை அழிப்பது அவர் வேலை. பழைய சாமி படத்தில் கீறல் இருந்தால் எடுத்துவிடுவார். குழந்தை படத்தில் கன்னத்தில் கொசு கடித்த தடிப்பு இருந்தால் எடுத்துவிடுவார். “இவன் கை பட்டா முருகனுக்கே வயசு குறையும்” என்று அவரோடு வேலை பார்த்த பைண்டிங் அண்ணாச்சி சொல்வார்.

வீட்டுக்கு வந்தால் அதே ஆள் நேர்மாறு.

டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் கேசட்டுகளை அவர் சேர்த்து வைத்திருந்தார். எல்லாம் அடுத்தவர் விளையாடிய பழசு. விருதுநகர், மதுரை என்று அலைந்து, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளிலும் பழைய சாமான் கடைகளிலும் தேடி வாங்கி வருவார். மாடி அறையில் கட்டில் போட இடமில்லை. சுவர் முழுக்க அலமாரி. அதில் அட்டைப்பெட்டியோடு சில, அட்டை இல்லாமல் சில. அறையில் வெயில் விழக் கூடாது என்று சன்னலில் கறுப்புத் துணி கட்டியிருந்தார். வெடி கம்பெனிக்கு வேலைக்குப் போய்வருகிற ஆட்கள் யாராவது மேலே வந்தால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் உள்ளே விடமாட்டார். வெடியில் சேர்க்கிற அந்த வெள்ளிப் பவுடர் ஒட்டினால் போகாதல்லவா.

இவ்வளவு பத்திரம் பார்க்கிறவர் சுத்தம் செய்வார் என்றுதானே நினைப்போம்? செய்யமாட்டார். ஒரு அட்டை ஓரம் கிழிந்து வந்தால் கிழிசலோடு இருக்கும். எண்ணெய்க்கை பட்ட கறை இருந்தால் கறையோடு இருக்கும். லேபிளில் எந்தப் பிள்ளையாவது பேனாவால் பேர் எழுதியிருந்தால் அந்தப் பேரோடு இருக்கும். குடிவந்த புதிதில், பாவம் ஒண்டியாள் என்று ஈரத்துணியோடு மாடிக்குப் போனேன். ஓடி வந்து மறித்தார்.

“துடைக்காதீக பெரியம்மா. இருக்கிறது இருக்கிற மாதிரியே இருக்கட்டும்.”

அதுதான் அவர் பேச்சு. எதற்கெடுத்தாலும் அதுதான்.

வெளியூரில் அவரைப்போல் சேர்க்கிற ஆட்கள் சிலர் உண்டு. எஸ்டிடி பூத்திலிருந்து அவர்களோடு பேசுவார். பூத் எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. கதவைச் சாத்தினாலும் சத்தம் கேட்கும். பொருளின் பேரைச் சொல்லும் முன்னால் குறையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். “அட்டையில வலது மூலை மடிஞ்சிருக்கு. பின்பக்கம் செல்லோடேப்பு ஒட்டியிருக்கு, மஞ்சளாயிருச்சு. உள்ள புத்தகம் இல்லை. லேபிள்ல மூணெழுத்துல ஒரு பேரு எழுதியிருக்கு.” மாப்பிள்ளை பார்க்கிற இடத்தில் இந்த மனுசனைத் தரகராக அனுப்பினால் ஊரில் ஒரு கலியாணம் நடக்காது என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

எப்போதும் சிரிப்பாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு தடவை என் தங்கை மகள் லீவுக்கு வந்திருந்தாள். சின்னப் பிள்ளை. மாடிக்குப் போனவள் ஒரு கேசட்டை எடுத்து, எல்லாப் பிள்ளைகளும் செய்கிற மாதிரி அதன் வாயில் ‘ஃபூ’ என்று ஊதிவிட்டாள். வெடுக்கென்று பிடுங்கிவிட்டார். “ஊதாதே! வாயில இருக்கிற ஈரம் பட்டா கம்பி துருப்பிடிச்சிரும்!” அவர் போட்ட சத்தத்தில் பிள்ளை மலங்க மலங்க விழித்து, அப்புறம் அழுதாள். எனக்கு ஆத்திரம்தான். ஆளை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாததால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்குக் காபி கொடுக்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தது இன்னொரு நாள். அவரும் சேர்க்கிறவர். ஆனால் புதுசு கலையாத கேசட் மட்டும்தான் வேண்டுமாம். ஒவ்வொன்றையும் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நான் டீ கொண்டுபோனபோது கையில் ஒன்றை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, இந்தப் பேரை மட்டும் அழிச்சுக் கொடுத்தா எடுத்துக்கறேன்.”

“அது அழிக்கிறதுக்கு இல்லைங்க.”

“பிரஸ்ஸுல நீங்க அழிக்கற வேலைதானே பாக்கறீங்க?”

“அது சம்பளத்துக்கு.”

தம்பி கேசட்டை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார். அதன்பிறகு இரண்டு பேரும் டீயை மட்டும் குடித்தார்கள். டம்ளரை எடுக்க எப்போது போவது என்று நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆயுத பூசை வந்தால் எனக்கும் அவருக்கும் வருசா வருசம் ஒரே வழக்கு. எங்கள் ஊரில் அன்றைக்குத் துடைக்காத பொருள் உண்டா? அச்சாபீஸ் மிஷினிலிருந்து வீட்டு அரிவாள்மனை வரைக்கும் கழுவிப் பொட்டு வைப்போம். வாளியும் துணியுமாக நான் மாடி ஏறினால், இவர் அறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்.

“தம்பி, வெளக்கமாத்துக்கே பொட்டு வைக்கிறோம். இதுகளுக்கு வைக்கலைன்னா சரசுவதி கோவிச்சுக்கிருவா.”

“கதவுல வைங்க பெரியம்மா. கதவு வரைக்கும் உங்களுது.”

கதவில் வைத்துவிட்டு இறங்கிவிடுவேன்.

இனி டீச்சரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆமத்தூர்ப் பக்கத்துக்காரர். வேதக்காரர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவார். மாடிக்குப் போய் ஒரு கேசட் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். திரும்பப் போய்விடுவார். ஒரே மகள் அவருக்கு. வீட்டுக்குப் பிடிக்காத இடத்தில் கலியாணம் செய்துகொண்டு ஆலங்குளத்தில் இருந்தாள். மாப்பிள்ளைக்குச் சிமெண்டு ஆலையில் வேலை. டீச்சரம்மாவின் வீட்டுக்காரர் மகளுடைய துணிமணி, போட்டோ எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டார். அவள் வாசல் மிதிக்கக் கூடாது, யாரும் அவள் வாசலை மிதிக்கவும் கூடாது என்று பைபிளின் மேல் கையை வைத்துச் சொல்லிவிட்டாராம். அன்றைக்கு இந்தக் கேசட் மட்டும் பக்கத்து வீட்டில் இரவல் போயிருந்ததால் தப்பித்தது. வீட்டில் வைக்க முடியாது. தம்பி முன்பு ஒரு தடவை அவர்கள் தெருவில் பழைய கேசட் கேட்டு வந்தது ஞாபகம் இருந்து, டீச்சரம்மா அவரைத் தேடிக்கொண்டு வந்து கொடுத்தார். “விக்கிறதுக்கு இல்லை. வச்சிருக்க மட்டும்” என்றார். தம்பியும் சரி என்றார்.

அந்தப் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். நான்கு ஓரமும் கிழிந்து நைந்திருக்கும். கேசட்டின் மேல் அந்தப் பெண் சின்ன வயதில் பேனாவால் தன் பேரை எழுதியிருந்தாள், உள்மூடியிலும் எழுதியிருந்தாள். யார் யார் எத்தனை பாயிண்ட் என்று ஒரு கணக்கு. ‘நான்’ என்று ஒரு பக்கம், ‘அம்மா’ என்று ஒரு பக்கம். கடைசியில் அம்மா ஜெயித்த இடத்தில், ‘அம்மா அழுகுணி ஆட்டம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். அப்பா சர்ச் கமிட்டிக்குப் போன நேரத்தில் தாயும் மகளும் சேர்ந்து விளையாடுவார்களாம். டீச்சரம்மா அந்த வரியை ஒவ்வொரு தடவையும் படிப்பார். படித்துவிட்டு, “அழுகுணி ஆடலை, நெசமாவே ஜெயிச்சேன்” என்று பெட்டியைப் பார்த்தே சொல்வார்.

ஒரு தடவை, “இதை ஒரு காப்பி எடுத்துக் குடுங்களேன், பைபிளுக்குள்ள வச்சுக்கிறேன்” என்று கேட்டார். அடுத்து விஜயதசமியன்று, பள்ளிக்கூடம் லீவு என்பதால், வருவதாகச் சொன்னார். தம்பி பெட்டியைப் பையில் வைத்துத் தூக்குச்சட்டி மாதிரி சாயாமல் பிடித்துக்கொண்டு அச்சாபீசுக்குப் போனார். ஸ்கேன் பண்ணியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, லேபிள் சாம்பிள் காட்ட வேண்டும் என்று முதலாளி அவரை விருதுநகருக்குக் காரில் கூட்டிப்போய்விட்டார். தீபாவளி சீசன், மறுக்க முடியாது. திரும்பி வந்து பார்த்தால் மேசையில் பெட்டி இல்லை. பைண்டிங் அண்ணாச்சியைக் கேட்டிருக்கிறார். “பத்திரமா இருக்குலே, பூசையன்னைக்கு வீட்டுக்கே வரும்” என்று அவர் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தாராம்.

தம்பி வீட்டுக்கு வந்து என்னிடம் இதைச் சொன்னபோது முகம் வெளுத்திருந்தது. “எதுக்குப் பெரியம்மா சிரிச்சாரு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஆயுத பூசையன்று மத்தியானத்துக்கு முன்னால் அண்ணாச்சி வந்தார், கூட இரண்டு பேர். தட்டில் பொரி, கடலை, வாழைப்பழம். நடுவில் மஞ்சள் துணி போட்டு மூடி ஒரு பொருள். அண்ணாச்சியே துணியை எடுத்தார். உள்ளே அந்தப் பெட்டி. புத்தம் புதுசாக, பளபளவென்று. மேலே சந்தனப் பொட்டு.

“எப்படிலே இருக்கு? நீயும் எம்புட்டு நாளா இந்தக் கிழிஞ்ச பெட்டிகளைக் கட்டிக்கிட்டு அழுதே. ஊருக்கெல்லாம் பெட்டி அடிக்கிறோம், நம்ம பயலுக்கு ஒண்ணு அடிக்க மாட்டமா? லேபிள் ஓடின ஷீட்டு ஓரத்துல இடம் கெடந்துச்சு, அதுல சேத்து ஓட்டிட்டோம். லேமினேசன் வேற!”

தம்பி பெட்டியைத் தொடவில்லை.

“பழசு எங்க அண்ணாச்சி?”

“அது எதுக்குலே? பூசைக்கு ஆபீசைக் கழுவினோம்ல, வேஸ்ட்டோட போயிருச்சு.”

“உள்ள எழுதியிருந்துச்சே...”

“அந்தக் கிறுக்கல் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல சுத்தமா எடுத்தாச்சு. கேசட்டு மேலயும் பேனாக் கிறுக்கல். தின்னர் போட்டு நானே தொடச்சேன். பாரு, கண்ணாடி கணக்கா இருக்கு.”

தம்பி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். திட்டவில்லை. அதுதான் பார்க்க முடியவில்லை. அண்ணாச்சி பொரித் தட்டைப் பிடித்தபடி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் நான் எப்போதும் வெளி ஆண்களோடு பேசுவேன். அன்றைக்கு வெளியே வந்து, அது யாருடைய பெட்டி, யார் எழுதியது, நாளைக்கு யார் வருகிறார்கள் என்று சொன்னேன்.

அண்ணாச்சி தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

வேஸ்ட் பேப்பர் குடோன் விஸ்வநத்தம் போகிற ரோட்டில் இருந்தது. நான் அந்தக் காலத்தில் வெடிக்குக் குழாய் உருட்டியவள். காகிதம் அங்கே போய்த்தான் வாங்கிவருவேன், இடம் தெரியும். நானும் கூடவே போனேன். குடோன்காரர் பூசை வேட்டியோடு வந்து திறந்துவிட்டார். அச்சாபீசு மூட்டைகளைக் கொட்டிக் கிளறினோம். பாதி முகத்தோடு சாமிகள், கால் இல்லாத மயில், ஓரம் சாய்ந்து வெட்டுப்பட்ட வெடி லேபிள்கள். ஒவ்வொரு அட்டைத் துண்டையும் தம்பி திருப்பிப் பார்த்தார். அண்ணாச்சி வேர்வையைத் துடைக்காமல் மூட்டையை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் குடோன்காரர்தான் தயங்கிச் சொன்னார்.

“அட்டைச் சரக்கு எல்லாம் நேத்து சாயங்காலமே லோடு ஏறிப் போயிருச்சு அண்ணாச்சி. மில்லுல இந்நேரம் ஊறியிருக்கும்.”

திரும்பி எங்கள் வாசலுக்கு வந்ததும் அண்ணாச்சி நின்றார்.

“ஸ்கேன் பண்ணினது இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்ப அதுல எழுத்து, கிழிசல், கறை எல்லாம் இருக்கும்ல? அப்படியே புரூப் பிரிண்டர்ல ஒண்ணு எடுத்து, மடிச்சு ஒட்டி, ஓரத்தை நைச்சு, டீத்தண்ணியில ஒரு தடவு தடவினா பழசுதான். அந்தம்மா கண்டுபிடிக்கவா போகுது?”

“மிஷினுக்குப் பூசை போட்டிருக்கு அண்ணாச்சி. இன்னைக்குத் தொடக் கூடாது.”

“அந்தப் பாவம் என் தலையோட போகட்டும்லே!”

தம்பி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அண்ணாச்சி போய்விட்டார். நான் என் மனசில் பட்டதைச் சொன்னேன். “குடுத்திருங்க தம்பி. ஒரு தாய் மனசு. உள்ளதைச் சொல்லி என்ன ஆகப்போகுது?” அவர் அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம் என்றுவிட்டார்.

விடிந்ததும் அண்ணாச்சி கொண்டுவந்தார். நானே அசந்துபோனேன். அதே கிழிசல், அதே கறை, அதே எழுத்து. மாடி மேசையில் ஒரு பக்கம் பளபளப்புப் பெட்டியும் கேசட்டும், இன்னொரு பக்கம் இந்தப் பழைய பெட்டி. அண்ணாச்சி கீழே போகாமல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்றேன்.

டீச்சரம்மா வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். தம்பி வாயைத் திறக்கும் முன்னால் நேரே மேசைக்குப் போய், பழகிய பெட்டியை எடுத்து மடியில் வைத்து மூடியைத் திறந்தார். படித்தார். சிரித்தார். படியில் அண்ணாச்சி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. முடிந்துவிட்டது, இனி ஒருவரும் ஒன்றும் பேச வேண்டாம் என்று நான் என் குலசாமியைக் கும்பிட்டேன்.

“டீச்சரம்மா” என்றார் தம்பி.

அவர் நிமிர்ந்தார்.

“அட்டை புதுசு. நேத்து எடுத்தது. எழுத்து அச்சு, பேனா இல்லை. ஓரம் நைஞ்சிருக்கிறது கையால நைச்சது. கறை, டீ. கேசட்டுல இருந்த பேரு போயிருச்சு, தின்னர்ல தொடச்சது. பழைய பெட்டி இல்லை. நான் ஆபீஸ் மேசையில வச்சுட்டுப் போனேன், அதுல போச்சு.”

பூத்தில் நின்று குறை சொல்வாரே, அதே மாதிரி, ஒன்றையும் விடாமல் சொன்னார். “கெடுத்தியேலே” என்று அண்ணாச்சி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

டீச்சரம்மா மூடியின் பின்பக்கம் பெருவிரலை வைத்துத் தடவினார்.

“ஆமா. அவ அழுத்தி எழுதுவா. பின்னாடி தடவினாத் தட்டுப்படும்” என்றார்.

அழவில்லை. நான் நீட்டிய தண்ணீரைக் குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்.

“இதைப் பாத்துப் பாத்தே இம்புட்டு வருசத்தை ஓட்டிட்டேம்மா. இனி எதைப் பாக்க இங்க வர்றது?”

சொல்லிவிட்டு எழுந்தார். எழுதிய பெட்டியை மேசையில் வைத்தார். பளபளப்புப் பெட்டியை எடுத்து உள்மூடியைத் திறந்து பார்த்தார். வெள்ளையாக இருந்தது. கேசட்டை அதற்குள் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு படிக்கு வந்தார்.

“அண்ணாச்சி, ஆலங்குளம் பஸ் எங்க நிக்கும்?”

அண்ணாச்சி துள்ளி எழுந்தார். “வாங்க டீச்சரம்மா, நான் ஏத்தி விடுறேன். வாங்க.”

“வீட்டுல ஐயா கேட்டா என்ன சொல்லுவீக?” எனக்கு வாய் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். அவர் தம்பியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“உள்ளதைச் சொல்லுவேன்” என்றார்.

ஆலங்குளம் பஸ்ஸில்தான் ஏறினார், சன்னலோரம் இடம் கிடைத்தது என்று அண்ணாச்சி வந்து சொன்னார். அந்தப் பொய்ப் பெட்டியைத் தம்பி கிழித்துப் போடவில்லை. அலமாரியில் தனியாக வைத்தார். யாராவது எடுத்துப் பார்த்தால், “அது பழசு இல்லை. அண்ணாச்சி பூசை போட்ட மிஷினைத் தொட்டு எடுத்தது” என்று முதலிலேயே சொல்லிவிடுவார்.

அடுத்த மாதம் அந்தச் சனிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரம்மா வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

“வரலையே பெரியம்மா” என்றார்.

“வராம இருக்கட்டும் தம்பி” என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

பிறகு அவர் வேறு ஊருக்கு மாறிப்போனார். எந்த ஊர் என்று சொன்னார், மறந்துவிட்டேன். நான் எழுதியதில் முன்னே பின்னே தப்பு இருக்கும். பஸ் வேம்பக்கோட்டை வழியா, வேறு வழியா என்பதுகூட எனக்கு உறுதியில்லை. ஆலங்குளத்தில் சிமெண்டு ஆலைப் பக்கம் பழக்கமுள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு விஜயதசமியன்று ஆமத்தூர்ப் பக்கத்து டீச்சரம்மா ஒருவர் மகள் வீட்டுக்கு வந்தாரா, மகள் கதவைத் திறந்தாளா என்று மட்டும் விசாரித்து, நான் எழுதியதைச் சரிபார்த்துத் தர வேண்டும்.